தீவுப் பக்கம் போய்த் தொலைவது எப்படி?

தொலைந்துபோவது முன்னைப்போல் இலகுவான காரியம் இல்லை. கையில் போன், போனுக்குள் தேசப்படம், தேசப்படத்துக்குள் ஒரு நீலப் புள்ளி. நீ இங்கேதான் நிற்கிறாய் என்று அது விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது. இந்த நிலைமையிலும் மனம் தளராமல் யாழ்ப்பாணத்துத் தீவுகளுக்கு வந்து, நாள் முழுக்கத் திசைமாறித் திரிந்து, கடைசிப் படகையும் விட்டுவிட்டு நிற்கிறவர்கள் ஒவ்வொரு விடுமுறைக் காலத்திலும் இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்கள் தட்டுத்தடுமாறிச் சாதிப்பதை முறைப்படி சாதிக்க விரும்புகிறவர்களுக்கு இந்தக் கையேடு. கனடா, பிரான்ஸ், கொழும்பு என்று எங்கிருந்து வருகிறவரும் பயன்படுத்தலாம். உள்ளூர்க்காரர் வாசித்துப் பயனில்லை, அவர்கள் முயன்றாலும் தொலைய முடியாது.

முதல் வேலை, பெயரைத் தேடுவது. நெடுந்தீவு என்று தமிழில் அடித்துவிடாதீர்கள், காரியம் கெட்டுவிடும். டெல்ஃப்ட் என்று ஆங்கிலத்தில் மட்டும் அடியுங்கள். பக்கத்தில் இலங்கை என்று சேர்க்கவும் வேண்டாம். போன் உங்களை நேரே நெதர்லாந்தில் கொண்டுபோய் இறக்கிவிடும். நீலப் பூ வரைந்த பீங்கானுக்கும் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கும் பேர்போன நல்ல நகரம், பார்க்க வேண்டிய இடம். 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த ஒல்லாந்தர், தீவுகளுக்கெல்லாம் தங்கள் ஊர்ப் பெயரைச் சூட்டினார்கள். வேலணை லைடன் ஆனது. புங்குடுதீவு மிடில்பேர்க், நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு ரொட்டர்டாம், காரைநகர் அம்ஸ்டர்டாம். வீட்டு நினைவு வந்தால் மனிதர் என்னதான் செய்யமாட்டார்கள்! மற்றப் பெயர்கள் பழைய தேசப்படங்களோடு போய்விட்டன. டெல்ஃப்ட் மட்டும் ஒட்டிக்கொண்டது. அம்ஸ்டர்டாமை மறந்துவிடாதீர்கள், கொஞ்சத்தில் அது திரும்ப வேண்டிவரும்.

ஊர்காவற்துறைக்கும் காரைநகருக்கும் நடுவே கடலுக்குள் நிற்கும் கோட்டைக்கு ஹம்மன்ஹீல் என்று பெயர். தேசப்படத்தில் இந்த நாட்டின் வடிவம் ஒல்லாந்தருக்குப் பன்றித் தொடையாகத் தெரிந்ததாம். அந்தத் தொடையின் குதிக்கால் இந்தக் கோட்டை. பசியோடு தேசப்படம் பார்க்கக்கூடாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இனி ஆள்கூறு. தொலைவதற்கு இதைவிட நல்ல கருவி கிடையாது. ஆகவே கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

பூமியில் ஓர் இடத்தைச் சொல்ல இரண்டு எண் போதும். பூமத்திய ரேகையிலிருந்து வடக்கே அல்லது தெற்கே எத்தனை பாகை என்பது அகலாங்கு. இலண்டனிலுள்ள கிரினிச்சிலிருந்து கிழக்கே அல்லது மேற்கே எத்தனை பாகை என்பது நெட்டாங்கு. பூமத்திய ரேகை பூமி சுழல்வதால் தானாக அமைந்தது. கிரினிச் அப்படி இல்லை, 1884இல் வாஷிங்டனில் கூடிய மாநாட்டில் கைதூக்கித் தேர்ந்தெடுத்த இடம். நம்முடைய பக்கம் கிரினிச்சிலிருந்து ஏறக்குறைய எண்பது பாகை கிழக்கே இருக்கிறது. ஏறக்குறைய என்றுகூடச் சொல்லத் தேவையில்லை. 80 பாகைக் கோடு யாழ்ப்பாணக் கோட்டைக்கு ஒரு கிலோமீற்றர் அளவு மேற்கே, பண்ணைக் கடலுக்குள்ளால் போகிறது. பஸ்ஸில் பண்ணைப் பாலத்தால் போகிறவர்கள் நாளாந்தம் அதைக் கடக்கிறார்கள், ஒருவரும் தலையை நிமிர்த்திப் பார்ப்பதில்லை. மண்டைதீவின் கிழக்கு ஓரத்தை விட்டுவிட்டால் தீவகம் முழுவதும் 79இல் தொடங்கும். உங்களிடமுள்ள எண் 80இல் தொடங்கினால் நீங்கள் தேடும் வீடு தீவில் இல்லை என்று அர்த்தம். இது தொலைய விரும்பாதவர்களுக்கான தகவல், தவறி இங்கே வந்துவிட்டது.

நெடுந்தீவின் நடுப்பகுதி 9 பாகை 31 கலை வடக்கு, 79 பாகை 41 கலை கிழக்கு. பாகைக்கு 60 கலை என்பது பள்ளிக்கூடத்தில் படித்தது. அதை மறந்துவிடுங்கள். 9.31, 79.41 என்று புள்ளி வைத்துப் போனில் அடியுங்கள். சரியான கணக்கில் அது 9.517, 79.683 ஆக வேண்டும், ஆனால் யாருக்கு நேரம் இருக்கிறது? இந்தச் சின்னச் சோம்பலால் நெடுந்தீவு தென்மேற்கே முப்பத்தெட்டுக் கிலோமீற்றர் அளவு நகர்ந்து, இந்தியக் கடலுக்குள், இராமேசுவரத்துக்குக் கிழக்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றரில் போய் நிற்கும். குதிரை, பெருக்கமரம், கோட்டை, பிரதேச செயலகம் எல்லாவற்றோடும்தான். இரண்டு அரசாங்கம் சேர்ந்து பேசினாலும் நடக்காத காரியத்தை ஒரு புள்ளி நடத்திவிடுகிறது.

அதிலும் திருப்தி இல்லையா? எண்களை இடம் மாற்றிப் போடுங்கள். கூகிளுக்கு அகலாங்கு முன்னால், நெட்டாங்கு பின்னால். தேசப்படத் தரவோடு வேலை செய்கிற சில மென்பொருட்களுக்கு நெட்டாங்கு முன்னால். கணக்கில் எக்ஸ் முதலில் வரும், கடலோடிகளுக்கு அகலாங்கு முதலில் வரும், இரண்டு கூட்டமும் விட்டுக்கொடுக்கவில்லை. 79.68 வடக்கு, 9.52 கிழக்கு என்று போட்டால் எங்கே போவீர்கள் தெரியுமா? நோர்வேக்கும் வட துருவத்துக்கும் இடையிலுள்ள ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தின் வடமேற்கு மூலைக்கு வெளியே, பனிக்கடலில். நெடுந்தீவில் குதிரை திரிவதுபோல அங்கே வெள்ளைக் கரடி திரியும். அந்த இடத்திலிருந்து முப்பது கிலோமீற்றருக்குள் இருக்கும் ஒரு தீவின் பெயர் அம்ஸ்டர்டாம். 17ஆம் நூற்றாண்டில் திமிங்கிலம் பிடித்து எண்ணெய் காய்ச்ச அங்கேயும் ஒல்லாந்தர் போயிருக்கிறார்கள். காரைநகருக்கு வைத்த அதே பெயர்தான். ஒல்லாந்தரிடமிருந்து தப்பிப் பூமியில் ஓடி ஒளிய இடமில்லை. நோர்வேயில் இருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள் இந்த முறையைப் பின்பற்றினால் விமானச் செலவு மிச்சம்.

தசமத்துக்குப் பின்னால் எத்தனை இலக்கம் என்பதிலும் கை வைக்கலாம். ஐந்து இலக்கம் எழுதினால் ஒரு மீற்றர் வரைக்கும் சொல்லிவிட்டீர்கள் என்று பொருள், கிணற்றடியா வாசற்படியா என்று தெரிந்துவிடும். மூன்று இலக்கம் என்றால் நூறு மீற்றர், ஒழுங்கை பிடிபடும், வீடு பிடிபடாது. இரண்டு இலக்கம் என்றால் ஒரு கிலோமீற்றருக்கு மேல். நாலு சதுரக் கிலோமீற்றர் அளவேயான நயினாதீவுக்கு அது போதும், தீவுக்கு வெளியே விழாமல் இருந்தால். சிலர் எதிர்ப்பக்கத்தால் வருவார்கள். போன் காட்டிய பதினொரு தசமத்தையும் அப்படியே கொப்பி பண்ணி அனுப்புவார்கள். அந்தக் கணக்கில் ஒரு மயிரிழையின் தடிப்பைவிட நுட்பமாக உங்கள் மாமி வீட்டுப் படலை குறிக்கப்பட்டிருக்கும். போன் வெட்டவெளியில் நின்றாலே ஐந்து மீற்றர் பிழை விடும் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்ல வேண்டாம்.

அது ஏன் அந்தளவு பிழை விடுகிறது, அல்லது எப்படி அந்தளவு சரியாகச் சொல்கிறது? அமெரிக்காவின் ஜீ.பி.எஸ். செய்மதிகள் முப்பதுக்கு மேல், 20,200 கிலோமீற்றர் உயரத்தில், பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு சுற்று வீதம் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் அணுக்கடிகாரம். ஒவ்வொன்றும் சொல்வது இரண்டே விடயம்: இப்போது நேரம் என்ன, நான் எங்கே நிற்கிறேன். அந்தச் சொல் ஒளியின் வேகத்தில் இறங்கி வந்து சேர ஒரு செக்கனில் ஏறக்குறைய பதினைந்தில் ஒரு பங்கு பிடிக்கும். எவ்வளவு சுணங்கி வந்தது என்பதை வைத்து எவ்வளவு தூரம் என்று போன் கணக்குப் போடுகிறது. மூன்று செய்மதியின் தூரம் தெரிந்தால் இடம் பிடிபட வேண்டும். ஆனால் போனின் கடிகாரம் மலிவுச் சாமான். ஒரு செக்கனில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் இடம் முந்நூறு மீற்றர் பிசகும். அந்தப் பிசகைத் தீர்க்க நாலாவது செய்மதி. இதற்கெல்லாம் மேலே ஐன்ஸ்டைன் இருக்கிறார். உயரத்தில் ஓடும் கடிகாரம் தரையிலுள்ள கடிகாரத்தைவிட நாளொன்றுக்கு 38 மைக்ரோ செக்கன் முந்தி ஓடும். அதைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் பதினொரு கிலோமீற்றர் அளவு பிழை சேர்ந்துவிடும். புங்குடுதீவுக் குறிகட்டுவானில் ஏறவேண்டியவர் நெடுந்தீவுப் பக்கக் கடலில் நிற்பார்.

இதில் தொலைய விரும்புகிறவர் மனதில் பதிக்க வேண்டிய முக்கியமான பொய் ஒன்று உண்டு. "செய்மதி எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது" என்பதே அது. செய்மதிக்கு உங்களைத் தெரியாது. அது பேசும், நீங்கள் கேட்பீர்கள், அவ்வளவுதான். உங்கள் போனிலிருந்து ஒரு சொல்லும் அதற்குப் போவதில்லை. நீங்கள் கடலில் தத்தளிப்பது அதற்குத் தெரியாது. அதேபோல அது உங்களிடம் டேட்டாக் காசும் கேட்பதில்லை. சிக்னல் இல்லாத இடத்திலும் நீலப் புள்ளி வரும். வராதது அதன் பின்னால் இருக்கும் தேசப்படம்தான், அது இணையத்திலிருந்து வருகிறது. ஆகவே யாழ்ப்பாணத்தில் வைஃபை இருக்கும்போதே தேசப்படத்தை இறக்கி வைக்கும் தவறைச் செய்யாதீர்கள். படகில் உள்ளறைக்குள், வானம் தெரியாத மூலையில் போய் இருங்கள். சோளகக் காற்றுக் காலமென்றால் இன்னும் விசேஷம், வாந்தி எடுப்பவருக்கு அகலாங்கென்ன, நெட்டாங்கென்ன. இறங்கும்போது சாம்பல் நிறத் திரையில் ஒரு நீலப் புள்ளி மட்டும் இருக்கும். நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று துல்லியமாகத் தெரியும். சுற்றி என்ன இருக்கிறது என்று தெரியாது.

நெடுந்தீவுப் படகுகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் குமுதினிப் படகுப் படுகொலை நினைவுக்கு வரும். 1985 மே 15ஐ இந்தத் தொனியில் பேச முடியாது. விட்டுவிடுகிறேன்.

கொஞ்சம் படித்தவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது, மற்றவர்கள் இரண்டு பந்தி தாண்டிப் போகலாம். பழைய நில அளவைத் தேசப்படம் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். இலங்கையின் நில அளவைத் திணைக்களம் 1800இல் தொடங்கியது. ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் நாடு முழுவதையும் 72 தாள்களில் அடக்கிய பெருமை அவர்களுக்கு உண்டு. அந்தத் தாள்கள் பூமியை அளந்த விதம் வேறு. நீர்கொழும்புக்குக் கிட்டக் கந்தவளையில் ஓர் அடிக்கோட்டை அளந்து, எவரெஸ்ட் என்ற நில அளவையாளர் 1830இல் கணித்த பூமி வடிவத்தை வைத்து, முக்கோணம் முக்கோணமாக நாட்டைப் போர்த்தினார்கள். உங்கள் போன் வைத்திருப்பது 1984ஆம் ஆண்டு உலகக் கணக்கு. இரண்டும் ஒரே பூமியைத்தான் சொல்கின்றன, ஆனால் பூமியின் நடு எது என்பதில் இரண்டுக்கும் ஒத்துவராது. பழைய தாளிலுள்ள பாகை, கலை, விகலையை அப்படியே போனில் போட்டால் இடம் இருநூறு மீற்றருக்கு மேல் மேற்கே தள்ளிப்போய் விழும். நெடுந்தீவின் மேற்குக் கரையில் இருந்த வீட்டுக் கிணறு கடலுக்குள் இருக்கும். உறவினர் கடலரிப்பைக் குறைசொல்வார்கள், அல்லது அரசாங்கத்தை. இரண்டுமே இதில் நிரபராதிகள்.

பாகை வேண்டாம், மீற்றர்க் கணக்கு வேண்டும் என்றால் அதற்கும் திணைக்களத்தில் சதுரக் கட்டம் இருக்கிறது. அதன் ஆரம்பம் நுவரெலியாவுக்கு மேலே நிற்கும் பீதுருதாலகால. எண் எதுவும் கழித்தல் குறியோடு வராமல் இருக்க, மலையை சைபர் என்று சொல்லாமல் கிழக்கு 200,000, வடக்கு 200,000 என்று வைத்தார்கள். 1999ஆம் ஆண்டுக் கட்டத்தில் அதையே 500,000, 500,000 ஆக்கினார்கள். நெடுந்தீவு பழைய கட்டத்தில் சுமார் 80,000, 478,000. புதியதில் சுமார் 380,000, 778,000. நீங்கள் செய்ய வேண்டியது எண்ணை மட்டும் சொல்லிவிட்டு எந்தக் கட்டம் என்று சொல்லாமல் விடுவது. பழைய எண்ணைப் புதிய கட்டத்தில் வைத்தால் நெடுந்தீவு கன்னியாகுமரிக்கும் தென்மேற்கே, நூறு கிலோமீற்றருக்கும் அப்பால் இந்து சமுத்திரத்தில் கிடக்கும். காணி வழக்கு வைத்திருப்பவர்கள் இதைச் சிரித்துக்கொண்டு வாசிக்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

பெரிய ஆட்களும் இப்படித்தான் தொலைந்திருக்கிறார்கள் என்பது ஓர் ஆறுதல். அகலாங்கு, நெட்டாங்குக் கணக்கில் உலகத்தின் இடங்களைப் பட்டியலிட்டுத் தந்தவர் தொலெமி. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் இருந்து எழுதியவர். அவர் கணக்கில் இலங்கை உண்மையைவிடப் பல மடங்கு பெரியது, பூமத்திய ரேகை அதன் தெற்குப் பகுதியை வெட்டிக்கொண்டு போகிறது. மாலுமிகள் சொன்ன பயண நாட்களை வைத்துத் தூரம் கணித்தால் அப்படித்தான் வரும். சோளகத்தில் நெடுந்தீவுக்குப் போய்வந்தவர் ஒருவரிடம் கடல் எவ்வளவு அகலம் என்று இன்றைக்குக் கேட்டாலும் தொலெமி சொன்னதைத்தான் சொல்வார்.

தொலைவதற்குக் கட்டணம் உண்டா என்று கேட்கிறீர்கள். முன்னர் இருந்தது. நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. 12ஆம் நூற்றாண்டு. பிறநாட்டு வணிகர் ஊர்காவற்துறையில் வந்து தங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்கிறது. கப்பல் உடைந்தால் என்ன செய்வது என்றும் சொல்கிறது: யானையும் குதிரையும் கொண்டுவந்த கப்பலென்றால் காற்பங்கு அரசனுக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வணிகச் சரக்கென்றால் சரிபாதி. குதிரைக்காரனுக்கு ஏன் சலுகை என்றால் அரசனுக்குக் குதிரை வேண்டும், அடுத்த முறையும் அவன் வரவேண்டும். இந்தக் கடலில் ஆழம் குறைவு, திட்டிகள் கூட, கப்பல் உடைவது அடிக்கடி நடக்காவிட்டால் கல்லில் வெட்டி வைத்திருக்கமாட்டார்கள். நெடுந்தீவின் தெற்கே முருகைக்கல்லில் கூம்புபோலக் கட்டி நிற்கும் குயிண்டா கோபுரம் கடலோடிகளுக்கு அடையாளமாக எழுப்பியது. காரைநகர்க் கோவளத்தில் 1916இல் கட்டிய வெளிச்சவீடு இருக்கிறது. கரையில் தெரியும் இரண்டு அடையாளங்களை ஒரே நேரில் வைத்துப் பார்த்து, வேறு திசையில் இன்னும் இரண்டைப் பார்த்து, வலை விட்ட இடத்தை மறுநாள் கண்டுபிடிப்பது கடற்றொழிலாளருக்குக் கைவந்த வேலை. கோபுரமும் பனையும் வெளிச்சவீடும் பற்றரி இறங்கி நிற்பதில்லை.

வழி கேட்பது பற்றி. போன் காட்டும் பாதையையே நம்புங்கள். காரைநகரிலிருந்து ஊர்காவற்துறை கண்ணுக்கெதிரே தெரியும், இடையில் ஒரு துண்டுக் கடல். வீதியால் போனால் யாழ்ப்பாணம் சுற்றி நாற்பது கிலோமீற்றர் அளவில். குறுக்கே வாகனத்தையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு போகும் மிதவைக்கு இங்கே "பாதை" என்று பெயர். "பாதை எங்கே?" என்று கேட்பவருக்குக் கடலைக் காட்டுவார்கள், கோபிக்கக்கூடாது. அது பழுதாகி நிற்கும் நாளும் உண்டு, போனுக்கு அந்தச் செய்தி வந்திருக்காது. நேர்கோட்டில் எது கிட்டவோ அந்த இறங்குதுறைக்குப் போய் நிற்பது இன்னொரு நல்ல வழி. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகு குறிகட்டுவானில். அங்கே போக வேலணையால் வந்து வாணர் தாம்போதியைக் கடந்து புங்குடுதீவின் மறு கரைக்கு ஓடவேண்டும். எழுவைதீவுக்குப் போக விரும்புகிறவர் அதே கூட்டத்தோடு குறிகட்டுவானுக்கு வந்து, எழுவைதீவுப் படகு ஊர்காவற்துறையிலிருந்து போய்விட்டது என்பதை அங்கே அறிந்துகொள்வது சாலச் சிறந்தது.

இப்போது உண்மையான பரீட்சைக்கு வருவோம். புங்குடுதீவில் அம்மப்பாவின் வீட்டைக் கண்டுபிடிப்பது.

ஸ்காபரோவிலிருந்து வந்திருக்கிறீர்கள். கையில் காணி உறுதியின் பிரதி. போனில் ஒன்றுவிட்ட அண்ணன் வாட்சப்பில் அனுப்பிய குறி. உறுதியைத் திறந்து பாருங்கள். அதில் அகலாங்கும் இல்லை, நெட்டாங்கும் இல்லை. காணிக்கு ஒரு பெயர் இருக்கும், இத்தனை பரப்பு இத்தனை குழி என்று இருக்கும். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். பிறகு எல்லை: கிழக்கு இன்னாரின் காணி, வடக்கு இன்னாரின் பெண்சாதி இன்னாரின் காணி, மேற்கு இன்னாரின் பிள்ளைகளின் காணி, தெற்கு கோயில் காணி. கிணற்றில் அரைப்பங்கு, வழி வாய்க்கால் உரித்து, நின்ற பனைகளில் இத்தனை. எழுதிய காலத்தில் இது கிரினிச்சைவிடத் துல்லியமான ஆள்கூறு. யாரிடம் வாசித்துக் காட்டினாலும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய்ப் படலையில் விடுவார்கள். கணக்கு முழுவதும் அயலாரிலிருந்து தொடங்குகிறது. பீதுருதாலகால இருந்த இடத்தில் இருக்கிறது, அயலார் இருக்கவில்லை. 1990களின் தொடக்கத்தில் தீவுப்பகுதி இடம்பெயர்ந்தபோது கிழக்கெல்லை பாரிசுக்கும் வடக்கெல்லை இலண்டனுக்கும் போய்விட்டன. மேற்கெல்லை உங்களோடு ஸ்காபரோவில், அடுத்த தொடர்மாடியிலேயே இருக்கக்கூடும்.

ஆகவே போனை நம்பி நடப்பீர்கள். குறி ஒரு பத்தைக்குள் நிற்கும். ஈச்சை, நாயுண்ணி, நடுவே கூரை இல்லாத சுவர். நாலு பக்கமும் அதேபோல நாலு சுவர். போன் இங்கேதான் என்கிறது, ஐந்து மீற்றர் முன்பின்னாக. எந்த ஐந்து மீற்றர்? அண்ணன் அந்தக் குறியை எப்படி எடுத்தார் என்று கேட்க வேண்டாம். கனடாவில் கட்டிலில் படுத்துக்கொண்டு செய்மதிப் படத்தைப் பெருப்பித்து, இதாய்த்தான் இருக்கும் என்று விரலை வைத்த குறி அது. போன் அதையும் ஐந்து தசமத்தில் காட்டும். எண்ணைப் பார்த்தால் அளந்ததா, ஊகித்ததா என்று முகத்தில் தெரியாது. எனக்குத் தெரிந்து தீவுகளில் தொலைகிறவர்களில் பாதிப்பேர் இந்த இடத்தில்தான் தொலைகிறார்கள்.

அந்த நேரம் பார்த்து ஒழுங்கை முடக்கில் ஓர் ஆச்சி ஆட்டுக்குக் குழை ஒடித்துக்கொண்டு நிற்பார். தொலைவதில் உறுதியாக இருப்பவர் அவரைத் தவிர்க்க வேண்டும்.

"ஆரைத் தேடுறியள் தம்பி?"

"ஆரையும் இல்லை ஆச்சி. இந்த இடத்தைத்தான்." போனை நீட்டுவீர்கள்.

"உதிலை எனக்கென்ன விளங்கப்போகுது? எத்தினையாம் வட்டாரம்? நீங்கள் ஆற்றை மோன்?"

அவ்வளவுதான், கெட்டது காரியம். வட்டாரத்தைச் சொல்லி, அம்மாவின் பெயரைச் சொல்லி, அம்மம்மாவின் பெயரை நீங்கள் நினைவுபடுத்துவதற்குள் அவரே சொல்லிவிடுவார். "அந்தச் சுவரில்லை, உங்காலை, கிணத்துக்கு வடக்காலை" என்று குழைக்கட்டோடு முன்னால் நடக்கத் தொடங்குவார். இலவசமாகத் தேத்தண்ணியும் கிடைக்கும். மரண அறிவித்தல்களில் புங்குடுதீவு இத்தனையாம் வட்டாரத்தைப் பிறப்பிடமாகவும் என்று தவறாமல் போடுவதன் பயன் அப்போது விளங்கும். அது ஆச்சிக்கு விளங்கும் கட்டம். அவருக்குப் பிறகு அந்தக் கட்டத்தை வாசிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர் என்பதை நான் எண்ணிப் பார்க்க விரும்பவில்லை.

கடலில் தொலைவதைப் பற்றி இந்தக் கையேடு ஆலோசனை தராது. அங்கே எண் விளையாட்டு இல்லை. 1974 யூன் மாதம் கொழும்பிலும் புதுடில்லியிலும் கையெழுத்தான உடன்படிக்கை, பாக்கு நீரிணையில் ஆறு புள்ளிகளை அகலாங்கு நெட்டாங்கில் எழுதி, அவற்றை இணைத்து இரண்டு நாடுகளின் எல்லை என்றது. முதற்புள்ளி 10 பாகை 5 கலை வடக்கு, 80 பாகை 3 கலை கிழக்கு. ஆறாவது 9 பாகை 6 கலை வடக்கு, 79 பாகை 32 கலை கிழக்கு. கச்சதீவு கோட்டுக்கு இந்தப் பக்கம், நெடுந்தீவுப் பிரதேச செயலகத்துக்கு உட்பட்டது. அங்கே நடக்கும் அந்தோனியார் திருவிழாவுக்கு இரண்டு கரையாலும் சனம் வரும். கடலின் மேல் கோடு எதுவும் இல்லை, இருப்பது வள்ளத்தில் உள்ள சின்னக் கருவியின் திரையில் மட்டும். இயந்திரம் பழுதாகிக் காற்று இழுத்துக்கொண்டு போகும் வள்ளத்துக்கு அந்தத் திரையில் எண் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருக்கத்தான் முடியும். இரண்டு பக்கத்திலும் சிறைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். ஆகவே பகிடியை இங்கே நிறுத்துகிறேன்.

போகிற போக்கில் ஒன்று. குறிகட்டுவான் இறங்குதுறையில் நிற்கும்போது போனில் உயரம் காட்டும் செயலி ஏதாவது இருந்தால் திறந்து பாருங்கள். சில செயலிகள் கடல் மட்டத்துக்குக் கீழே தொண்ணூறு மீற்றர் அளவில் நிற்கிறீர்கள் என்று சொல்லும். மூச்சைப் பிடிக்கத் தேவையில்லை. செய்மதி கணிக்கும் உயரம் கணிதத்தில் வரைந்த மழமழப்பான பூமியிலிருந்து. உண்மையான கடல் மட்டம் ஈர்ப்பு விசைக்கு ஏற்ப ஏறியிறங்கி நிற்கிறது. உலகத்திலேயே அது ஆகத் தாழ்ந்து கிடக்கும் இடம் இலங்கைக்குத் தெற்கே, 106 மீற்றர் பள்ளம். நாங்கள் எல்லோரும் அந்தப் பள்ளத்தின் சரிவில்தான் குடியிருக்கிறோம். தேர்ந்த செயலிகள் கழித்துக் காட்டும், மற்றவை உங்களைக் கடலுக்கு அடியில் வைத்திருக்கும்.

இவ்வளவும் வாசித்த பிறகும் தொலைய மனமில்லாதவர்கள் சிலர் இருக்கலாம். அவர்களுக்குச் சுருக்கமாக: தேசப்படத்தை யாழ்ப்பாணத்திலேயே இறக்கி வையுங்கள். இடத்தைப் பாகைத் தசமத்தில், அகலாங்கு முதலாக, ஐந்து இலக்கத்தில் எழுதுங்கள். பழைய தாளிலிருந்து எடுத்த எண்ணென்றால் எந்தக் கட்டம் என்று பக்கத்தில் குறியுங்கள். வீட்டுக்காரர் அந்தக் குறியை நேரில் நின்று எடுத்தாரா என்று கேளுங்கள். அம்மம்மாவின் பெயரையும் வட்டாரத்தையும் கடதாசியில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். நெடுந்தீவுக்குப் போகிறவர்கள் இறங்கியவுடனேயே துறையில் நிற்பவரிடம் திரும்பும் படகின் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள், கடைசிப் படகு பிற்பகலிலேயே புறப்பட்டுவிடும்.